வெங்காயம் சிவக்காத ஊர்

கருவேலங்குறிச்சியில் பண்டங்கள் சிவப்பதை நிறுத்தியது ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மத்தியான ரொட்டி அடுப்புக்குள் இருந்த நேரத்தில். அதை முதலில் கண்டவள் ரொட்டிக்கடை எப்சிபாய். கண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும், மோந்தாள் என்று சொல்ல முடியாது. இருபத்தெட்டு வருஷம் மைதாத் தூசிக்குள் நின்று நின்று அவள் மூக்கு மந்தப்பட்டுப் போயிருந்தது. மல்லிகைப்பூவையும் மண்ணெண்ணெயையும் பிரித்துச் சொல்லும், அதற்கு மேல் அதனிடம் எதுவும் கேட்கக் கூடாது. அந்தக் கடைக்கு மூக்கு அவள் புருஷன் பொன்னையாதான்.

பொன்னையாவுக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இரண்டு மைதா மூட்டையை ஒரே தோளில் ஏற்றிக்கொண்டு கடைவீதியில் பேசிக்கொண்டே நடந்த ஆள், அடுப்புச் சுவருக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் கட்டிலோடு கிடந்தார். கிடந்த நாளிலிருந்து வெளியில் தலைகாட்டவில்லை. தெருவைப் பார்த்த ஜன்னலைச் சாத்தி வைக்கச் சொல்லிவிட்டார். முடிவெட்டுகிறவர் வந்தால்கூடச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் வெட்டிக்கொள்வார். ஆனால் கடையை நடத்தியது அவர்தான். கட்டிலில் படுத்தபடி மூக்கை அடுப்புச் சுவர் பக்கம் வைத்திருப்பார். முதலில் பச்சை மாவின் வாசம், பிறகு ஆவி, பிறகு ரொட்டியின் தோலிலிருந்து தண்ணீர் விலகும் அந்த நிமிஷத்தில் வறுத்த கடலை வாசம், அது முற்றித் தேன் வாசம், தேன் முடிகிற இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு கசப்பு. அந்தக் கசப்பு வருவதற்கு ஒரு மூச்சு முன்னால் அவர் குரல் சுவரைத் தாண்டி வரும். “சுடலை, ரெண்டாந்தட்டு! பன்னைத் திருப்பி வை, இடது பக்கம் முந்துது!” மாவு பிசையும் சுடலைமணி அந்தக் குரலுக்குத் தட்டை இழுப்பான். மூன்று வருஷத்தில் ஒரு ரொட்டி கருகவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை குரல் வரவில்லை. எப்சிபாய் காத்துப் பார்த்தாள், சுடலையும் காத்துப் பார்த்தான், கடைசியில் அவளே அடுப்பைத் திறந்தாள். ரொட்டி வெந்து உப்பி நின்றது, ஆனால் அவித்த முட்டைபோல வெள்ளை வெளேரென்று இருந்தது. மறுபடி உள்ளே தள்ளினாள். மறுபடியும் வெள்ளை. மூன்றாம் தடவை திறந்தபோது ஓரங்கள் கரியாகியிருந்தன. வெள்ளை, அதை அடுத்து நேரே கரி. நடுவில் இருக்க வேண்டியது எதுவும் இல்லை.

அறைக்குள் போனாள். பொன்னையா உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடுப்பு பத்த வைக்கலையா எப்சி?”

“வச்சு ஒரு மணி நேரமாச்சே.”

அவர் இடது கையைத் தூக்கி மூக்கின் மேல் வைத்துக்கொண்டார். பக்கத்தில் விழுந்த இடி கேட்காதவர் காதைத் தொட்டுப் பார்ப்பதுபோலத் தொட்டுப் பார்த்தார். 

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஓட்டல்களில் தோசை வெந்தது, முறுகவில்லை. உளுந்த வடை எண்ணெயில் பால் நிறத்தில் மிதந்தது. வெங்காயம் வதங்கிக் குழைந்து கண்ணாடியாகி, பிறகு ஒரே தாவலில் கருகியது. காப்பிக்கொட்டை வறுக்கும் இயந்திரம் பச்சைக் கொட்டையைப் பச்சைக் கொட்டையாகவே மூன்று மணி நேரம் சுற்றியது. வறுத்த கடலையும் பொரித்த மீனும் நோயாளிக்குச் சமைத்தவைபோல இருந்தன. இட்லிக்கும் புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அவை ஒருநாளும் சிவந்தவை அல்ல; இட்லி விற்ற வீடுகளின் முன்னால் அதற்கு முன் இல்லாத கூட்டம் நின்றது.

முதல் வாரம் எல்லோரும் அடுப்பைக் குறை சொன்னார்கள், இரண்டாம் வாரம் எண்ணெயை, மூன்றாம் வாரம் மருமகள்களை. நாலாம் வாரம் குறை சொல்ல ஆள் தீர்ந்துபோய் ஊர் பழகிக்கொள்ளத் தொடங்கியது. கல்யாணப் பந்தியில் வெள்ளை வடை வைத்தார்கள், வைத்தவர்களும் தின்றவர்களும் அதைப் பற்றிப் பேசாமல் இருக்கப் பழகினார்கள். ஆஞ்சநேயர் கழுத்தில் வெள்ளை வடைமாலை தொங்கியது. சிலர் தோசைக்குத் தேயிலைச் சாயம் பூசிக் கண்ணுக்காவது முறுகல் காட்டினார்கள். இரவெல்லாம் பஸ்ஸில் தூங்கி வந்து, கடைவீதியின் காப்பி வறுக்கும் வாசத்தில் விழித்து இறங்கிப் பழகியவர்கள், விழிக்காமல் அடுத்த ஊர்வரை போய் அங்கிருந்து திட்டிக்கொண்டே திரும்பினார்கள். பழக முடியாத ஒன்று மட்டும் இருந்தது: சமையல் முடிந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. வாசம் போய்க் கூப்பிட்டவர்களையெல்லாம் இப்போது வாயால் கூப்பிட வேண்டியிருந்தது.

மேல்நிலைப்பள்ளியில் வேதியியல் எடுத்த ஹமீதா பர்வீன் டீச்சர் ரொட்டிக்கடை முன்னால் ஒரு ஸ்டவ்வை வைத்து, கூடி நின்ற சனங்களுக்குச் சோதித்துக் காட்டினாள். வெறும் சர்க்கரையை வாணலியில் போட்டாள். அது உருகிச் சிவந்தது. “சர்க்கரை தனியா இருந்தா அதுபாட்டுக்குச் செவக்கு, அதுக்கு ஒண்ணும் ஆகல” என்றாள். இன்னொரு வாணலியில் பாலையும் சர்க்கரையையும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சினாள். அது கடைசிவரை வெள்ளைப்பூச்சுச் சுண்ணாம்பாகவே நின்றது. “பாலுல புரதம் இருக்கு, மாவுல இருக்கு, மீன்ல இருக்கு. அதோட சின்னத் துண்டுக்கு அமினோ அமிலம்னு பேரு. தண்ணி வத்தி நல்லா சூடு ஏறினதும் அதுவும் சர்க்கரையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, ஒடஞ்சு, திரும்பச் சேந்து நூத்துக்கணக்கான புதுப் பொருளா மாறும். ரொட்டி வாசமும் தோசை வாசமும் காப்பி வாசமும் அதுதான். சாமான்ல எதுவுமே குறையல. சூடும் குறையல. நம்ம ஊர்ல இப்ப ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்துக்கிட்டே ஒண்ண ஒண்ணு கண்டுக்க மாட்டேங்கு.”

“ஏன் டீச்சர்?” என்று கேட்டார்கள்.

“எனக்குத் தெரியல” என்றாள் டீச்சர். அதற்காகவே ஊர் அவளை நம்பியது.

பொன்னையா மட்டும் எதையும் நம்பவில்லை. என் மூக்கு செத்துப்போச்சு, கையும் காலும் போன வழியில் அதுவும் போயாச்சு, அவ்வளவுதான் என்று அவர் முடிவுகட்டியிருந்தார். பச்சை மாவும் மண்ணெண்ணெயும் மணந்தது அவருக்குக் கணக்கில்லை; ரொட்டி மணக்காத மூக்கு அவருக்கு மூக்கல்ல. எப்சிபாய் வெள்ளை ரொட்டியை எடுத்து வந்து அவர் கண் முன்னால் காட்டினாள்.

“பாருங்க. ஊர் பூரா இப்படித்தான்.”

“பாதி வெந்ததும் எடுத்துட்டு வந்து காட்டுத. எனக்குத் தெரியாதா? நான் மனசு ஒடஞ்சிருவேன்னு நாடகம் போடுத.”

“இதப் பிச்சுப் பாருங்க, உள்ள வெந்திருக்கு.”

“நான் எத்தன ரொட்டி சுட்டவன் எப்சி. வெந்த ரொட்டி செவக்காம இருக்குமா? ஒலகத்துல நடக்குமா அது?”

அவள் சுடலையைக் கூப்பிட்டாள். சுடலை வந்து சத்தியம் செய்தான்; அவனும் நாடகத்தில் சேர்ந்தவன் ஆனான். பக்கத்து வீட்டார் வெள்ளை வடையைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து காட்டினார்கள். அண்டை அயலாரெல்லாம் கூடித் தன்மேல் இரக்கப்படுகிறார்கள் என்று நினைத்து அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து சாப்பாடும் குறைந்தது. எது கொடுத்தாலும் இரண்டு வாய், பிறகு உதட்டை மூடிக்கொள்வார். ஆவணி பிறந்தபோது அவர் கன்னத்து எலும்பு தெரிந்தது. எப்சிபாய் அவர் துணியைத் துவைக்கும்போது வேட்டியின் கனம் மாறவில்லை, அதற்குள் இருந்த மனிதர் மட்டும் குறைந்துகொண்டே போகிறார் என்று நினைத்து, துவைகல்லில் உட்கார்ந்து அழுதாள், பிறகு எழுந்து துவைத்தாள்.

அந்த மாதத்தில்தான் டீச்சர் எல்லையைக் கண்டுபிடித்தாள். ஒரு கையில் ஸ்டவ்வும் ஒரு கையில் வாணலியுமாக ஊரின் ஒவ்வொரு ரோட்டிலும் நடந்து, நூறு அடிக்கு ஒரு தடவை உட்கார்ந்து வெங்காயம் வதக்கிக்கொண்டே போனாள். ஆற்றுப்பாலத்தில் பதினோராவது தூணைத் தாண்டி அவள் உட்கார்ந்தபோது வெங்காயம் ஓரம் பழுத்து, பொன்னாகி, பழைய செம்பு நிறத்துக்கு வந்தது. பின்னால் நடந்து வந்த சனங்கள் அந்த வாசம் பட்டு அப்படியே நின்றுவிட்டார்கள்; ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். அந்த வாசத்தோடு வாணலியைத் தூக்கிக்கொண்டு ஊர்ப் பக்கம் ஓடிப் பார்த்தார்கள். பதினோராவது தூணுக்கு இந்தப் பக்கம் வெங்காயத்தின் நிறம் அப்படியே இருந்தது, வாசம் மட்டும் நின்றுவிட்டது. தூணில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார்கள்.

மறுநாள் முதல் ஊர் தன் அடுப்புகளை ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் வைத்தது. சிலிண்டரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டும், மாவுச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டும், தோசைக்கல்லைக் குழந்தைபோல இடுப்பில் இடுக்கிக்கொண்டும் மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் பாலத்தில் சனம் நிரம்பும். நாலு மணிக்கு அக்கரை மணலில் நானூறு அடுப்பு வரிசையாக எரியும். எந்தத் தெருக்காரர் எந்தத் தெருக்காரர் வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டார் என்றெல்லாம் இருந்த ஊர் அது. மணலில் யார் அடுப்புக்குப் பக்கத்தில் யார் அடுப்பு அமையும் என்பதைக் காற்றுதான் தீர்மானித்தது, காற்றோடு யாரும் வழக்குப் போட முடியவில்லை. முதல் மாதம் முதுகைக் காட்டிக்கொண்டு சமைத்தார்கள். இரண்டாம் மாதம் ஒருத்தி தீப்பெட்டி கேட்டாள். பிறகு கரண்டி, பிறகு கொஞ்சம் கறிவேப்பிலை, பிறகு “ஒங்க குழம்பு என்ன இப்படி மணக்கு?” என்ற கேள்வி. பஸ்காரர்கள் அந்த இடத்துக்கு அடுப்பங்கரை ஸ்டாப் என்று பேர் வைத்தார்கள்.

எப்சிபாயும் சுடலையும் அக்கரையில் களிமண்ணால் ஒரு ரொட்டி அடுப்புக் கட்டினார்கள். ரொட்டி அங்கே சிவந்தது. சிவந்த வேகத்தில் கருகவும் செய்தது, ஏனென்றால் எப்போது எடுக்க வேண்டும் என்று சொல்ல அங்கே குரல் இல்லை. எப்சிபாயின் மந்த மூக்குக்கு எட்டும்போது எல்லாம் முடிந்திருக்கும். வாரத்தில் பாதி நாள் கரி. மிச்சத்தை எடுத்துக்கொண்டு அவருக்காகப் பாலத்தில் ஓடுவாள், சுடச்சுடத் துணியில் சுற்றி மாரோடு அணைத்துக்கொண்டு ஓடுவாள், பதினோராவது தூணில் வாசம் அவள் கையிலிருந்து கழன்று பின்னால் நின்றுவிடும். அவர் சிவந்த ரொட்டியைப் பார்த்து, மோந்து, ஒன்றும் வராமல், “பாத்தியா, இப்ப ரொட்டி நல்லாத்தான் செவந்திருக்கு. செத்தது என் மூக்குதான்” என்பார்.

ஒருநாள் முழுத் தட்டும் கருகிய பிறகு எப்சிபாய் கெஞ்சுவதை நிறுத்தினாள். கரிக்கையோடு அறைக்குள் வந்து கட்டில் காலை உதைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவர்மேல் காலை ஓங்கியதில்லை.

“வேலைக்கு வாங்க.”

“என்னட்டி?”

“மூணு நாளா கருகுது. எனக்கு மூக்கு கிடையாதுன்னு ஒங்களுக்குத் தெரியும். சுடலைக்குக் கையிதான் உண்டு. நீங்க இங்க படுத்துக்கிட்டு உத்தரத்தை எண்ணுதிய. வேலைக்கு வாங்க.”

“செத்த மூக்க வச்சுக்கிட்டு அங்க வந்து என்ன செய்ய? நாலு பேர் பாக்கவா?”

“செத்துருக்குன்னா அக்கரைக்கு வந்து அத நிரூபிங்க. வந்து ஒண்ணும் மணக்கலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் பொய்க்காரின்னு ஊர் முன்னால ஒத்துக்கிடுதேன். பொறகு ஒரு ரொட்டிய ஒங்க முன்னால நீட்ட மாட்டேன்.”

 தன் பெண்டாட்டியைப் பொய்க்காரி என்று நிரூபிக்க வேண்டும் என்ற ஆசை அவருக்குள் எழுந்தது. மூன்று மாதத்தில் அவருக்கு வந்த முதல் ஆசை அதுதான்.

“மூஞ்சில துண்டப் போட்டுத்தான் வருவேன்” என்றார்.

ரொட்டி ஏற்றும் மூன்று சக்கர வண்டியில் மெத்தையை விரித்து, அக்கரை அடுப்பில் அடுத்த தட்டைத் தள்ளிவிட்டு வந்த சுடலை அவரைத் தூக்கிக் கிடத்தினான். முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டார். கடைவீதியில் ஆட்கள் எழுந்து நின்றதும், யாரோ ஒருவர் வழிவிடச் சொன்னதும் அவருக்குக் கேட்டிருக்கும், அவர் அசையவில்லை. சுடலை மிதித்தான், எப்சிபாய் பின்னால் நின்று தள்ளினாள். பாலத்தில் ஏறினார்கள். அவள் தூண்களை வாய்க்குள் எண்ணினாள். எட்டு, ஒன்பது, பத்து. அவளுக்கு அப்போதுதான் பயம் வந்தது: நிஜமாகவே அவர் மூக்கு செத்திருந்தால்? கையையும் காலையும் கொண்டுபோனது அதையும் கொண்டுபோயிருந்தால்? இந்த மனிதரை ஊர் பார்க்க இழுத்து வந்து, கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்ததையும் பிடுங்கிவிட்டேனே என்று வண்டியைப் பின்னுக்கு இழுக்கப் பார்த்தாள், ஆனால் அது அதற்குள் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியிருந்தது.

துண்டு மெதுவாக உள்ளே போனது. மூக்கு இருந்த இடத்தில் துணி ஒட்டி, இரண்டு துவாரமும் தெரிய, அப்படியே நின்றது. அவர் மூச்சை விடவில்லை. விட மனசில்லை. பிறகு விட்டார், மறுபடி இழுத்தார், இடது கையால் துண்டைப் பிடுங்கி எறிந்தார். அது ஆற்றில் போய் விழுந்தது.

“அடை,” என்றார். “கேப்பை அடை. சாளை மீன் பொரிக்காவ. அந்தா, ஒருத்தி கடலப்பருப்ப வறுக்கா, பொறுமை இல்லாதவ, தீய கூட வச்சிருக்கா. காப்பி… எப்சி, காப்பி!” கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்கு வழிந்தது, அதைத் துடைக்க அவருக்கு நேரமில்லை. சட்டென்று குரல் மாறியது. பழைய குரல், சுவரைத் தாண்டி வரும் குரல். “எப்சி, ஒன் அடுப்புல இடது மூலை கருகப்போகுது! ஏட்டி, ஓடு!”

ஐம்பத்தோரு வயசு எப்சிபாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானூறு அடுப்புக்கும் நடுவே ஓடினாள்.

அன்றைக்கு அவர் ரொட்டியின் மேல் பொருக்கை மட்டும் தனியாகப் பிய்த்துத் தரச் சொல்லித் தின்றார். மூன்று பொருக்குத் தின்ற பிறகு, யாரையும் பார்க்காமல், “ஒன்ன நம்பாமப் போயிட்டேன்” என்றார்.

“திங்குங்க முதல்ல” என்றாள் எப்சிபாய்.

அவர் வீட்டுக்குத் திரும்பமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் அடுப்புக்குப் பக்கத்திலேயே தகரக்கூரை போட்டார்கள். கிறிஸ்துமஸ் அங்கேதான் நடந்தது, பொங்கலும் அங்கேதான். அவருக்கு உடம்பு தேறியது. கட்டிலில் உட்கார்ந்தபடி அக்கரை முழுவதற்கும் அவரே மூக்கானார். “மூணாவது வரிசை, அந்த முறுக்கை எடு தாயி” என்று அவர் கத்தினால் அந்தப் பெண் ஏன் எதற்கு என்று கேட்காமல் எடுப்பாள். யாரும் தன்னைப் பார்க்கக் கூடாது என்று கிடந்தவரை இப்போது நானூறு வீட்டுக்காரர்கள் தினமும் பார்த்தார்கள்.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், காற்று ஊர்ப் பக்கமிருந்து திரும்பி வீசியபோது, பொன்னையா பேச்சை நிறுத்தித் தலையை உயர்த்தினார்.

“ஊருக்குள்ள யாரோ வெங்காயம் வதக்குதாவ” என்றார். “செவக்குது.”

பக்கத்து அடுப்புக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹமீதா டீச்சர் மெதுவாக, “அண்ணாச்சி, இன்னைக்குக் காலையிலகூட நான் வீட்டுல வதக்கிப் பாத்தேன். வெள்ளைதான்” என்றாள். இன்னொருவர், இங்கே எரியும் நானூறு அடுப்பின் வாசம்தான் சுற்றி வந்திருக்கும் என்றார். ஆசையாக இருக்கும், பாவம், என்று யாரோ முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது. பொன்னையா முகம் சுருங்கி, இடது கையை மூக்குக்கு மேல் கொண்டுபோனார்.

எப்சிபாய் மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நிஜமாகவா என்று கேட்கவில்லை.

“எந்தப் பக்கம்?”

“பாலம் எறங்கி இடது கை,” என்றார் அவர். “நல்லெண்ண. சின்ன வெங்காயம். கூடப் பூண்டு கெடக்கு.”

அவள் நடந்தாள். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினாள். அவள் மூக்குக்கு எதுவும் தெரியவில்லை, அது பெரிய விஷயமல்ல. பாலத்திலிருந்து இறங்கி இடது கைத் தெருவில் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு போனாள். எல்லாம் பூட்டியிருந்தது, எல்லோரும் அக்கரையில். ஆறாவது வீட்டின் கதவு மட்டும் பூட்டாமல் சாத்தியிருந்தது. தள்ளினாள். உள்ளே மரகதவடிவு, பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகாதவள், அக்கரைக்கு நடக்க முடியாமல், வெள்ளையாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று தனக்குத் தானே பூண்டுக்குழம்பு வைக்கத் தொடங்கியவள், கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி வாணலியைப் பார்த்து அப்படியே நின்றிருந்தாள். வாணலிக்குள் நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம் ஓரம் பழுத்து, பொன்னாகி, செம்பாகிக்கொண்டிருந்தது.

“மைனி,” என்றாள் அவள் பயந்த குரலில், “கருகப்போகுதே. அடுப்ப அமத்தட்டா?”

“அமத்தாத,” என்றாள் எப்சிபாய். “கருகுனா கருகட்டும். அக்கரையில எங்க வீட்டுக்காரர் மோந்துக்கிட்டு இருக்காவ.”